மறுமொழி: பஸ்காலின் ‘பந்தயம்’ – ‘துணிபு’ எனலாமா?

அன்பின் நண்பர்களுக்கு,

கடவுள் உண்டா என்று அறிய முடியாவிட்டாலும், இழப்பு சிறிது, பேறு அளவற்றது என்பதால் நம்பி வாழ்வதே தகும் என்பது பிரெஞ்சு கணித அறிஞரும் மெய்யியலாளருமான பஸ்காலின் வாதம் (Pascal’s wager). நம் கலைச்சொல் தொகுப்பில் இதற்குத் தமிழில் இதுவரை கடவுட்பந்தயம், சூது, பணயம், நேர்த்தி என்று நான்கு சொற்கள் வந்திருக்கின்றன. நான்கும் எனக்கு ஒப்பவில்லை. காரணத்தைச் சொல்லிவிட்டு என் சொல்லை வைக்கிறேன்.

> பந்தயம் என்றால் எல்லாருக்கும் விளங்கும். அதை ஏன் விட வேண்டும்?

விளங்கும்தான். ஆனால் பந்தயம் பிடிக்க எதிரே ஓர் ஆள் வேண்டும். மனமில்லாவிட்டால் பிடிக்காமல் விடலாம். பஸ்கால் அடைப்பதே அந்த வழியைத்தான். கடவுள் உண்டா இல்லையா என்பதை அறிவால் தீர்க்க முடியாது, எட்டாத் தொலைவில் ஒரு நாணயம் சுண்டப்படுகிறது, பூவா தலையா என்று நீ சொல்லியே ஆக வேண்டும் என்கிறார். வாழத் தொடங்கியவருக்கு ஒதுங்கி நிற்க இடமில்லை. வன்னியில் மானாவாரி செய்கிறவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மழைக்கு முன்னரே புழுதியில் விதைக்கிறவரும் முடிவெடுக்கிறார், பொறுத்துப் பார்க்கிறவரும் முடிவெடுக்கிறார். பெரும்போகம் (மாரிமழைப் பயிர்ப் பருவம்) இருவருக்காகவும் காத்து நிற்காது.

சூது வேண்டாம். இடையில் நின்றுபோன ஆட்டத்தின் பணத்தை எப்படிப் பங்கிடுவது என்று பஸ்காலும் கணித அறிஞர் ஃபெர்மாவும் 1654இல் எழுதிக்கொண்ட கடிதங்களில்தான் நிகழ்தகவுக் கணிதம் உருப்பெற்றது என்பது சரி. ஆனாலும் தமிழில் அந்தச் சொல்லோடு பழியும் கூடவே வரும்.

பணயம் பொருளில் மிக நெருங்கியது. நம்மிடையே முல்லைத்தீவு ஆசிரியை அதற்கு மறுப்புச் சொன்னதை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன். 2009 இறுதிப்போருக்குப் பிறகு இங்கே ‘பணயம்’ என்றால் ‘பணயக்கைதி’தான் முதலில் காதில் விழும். அந்த மாதங்களைக் கடந்து வந்த வீடுகளின் பிள்ளைகள் இருக்கும் உயர்தர வகுப்பில் அதைக் கரும்பலகையில் எழுத என் கை வராது.

நேர்த்தி வேறு திசையில் போகிறது. காரியம் நிறைவேறினால் காவடி எடுக்கிறேன் என்பது நேர்த்தி. பலன் முன்னே, கடன் பின்னே. பஸ்கால் கேட்பது முதலில் வாழ்க்கையைக் கொடு என்பது. பலன் மரணத்துக்கு அப்பால்.

‘கடவுள்’ என்ற முன்னொட்டும் ஒத்துவராது. எந்தக் கடவுள்? ஓர் இமாமும் இதே நியாயத்தை இப்படியே சொல்லலாமே என்று பிரெஞ்சு மெய்யியலாளர் திதரோ அன்றே கேட்டுவிட்டார். அந்தக் கேள்விக்கு இன்றுவரை நல்ல விடை வந்ததாக நான் நினைக்கவில்லை. வைகாசியில் வற்றாப்பளை அம்மனுக்குப் பொங்கிவிட்டு ஓகஸ்டில் மடுத் தேவாலயத்து மாதாவிடம் போகிறவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். பஸ்காலின் அட்டவணையில் இரண்டே நிரைகள்: நம்பு, நம்பாதே. இவர்களை எந்த நிரையில் எழுதுவது?

கணக்கிலும் ஓர் ஓட்டை உண்டு. முடிவிலியை எவ்வளவு சிறிய நிகழ்தகவால் பெருக்கினாலும், அது பூச்சியமாக இல்லாதவரை, முடிவிலிதான். அப்படியானால் ‘நாணயம் சுண்டித் தலை விழுந்தால் மட்டும் நம்புவேன்’ என்கிறவருக்கும் அதே முடிவிலி கிடைத்துவிடுகிறது! ஆக, இலாபக் கணக்காகப் பார்த்தால் இது நல்ல பந்தயம் என்று நான் சொல்லமாட்டேன். நிச்சயம் கிடைக்காத இடத்திலும் முடிவெடுத்தே ஆக வேண்டும் என்ற பகுதி மட்டும் அசையாமல் நிற்கிறது. கலைச்சொல் அதைத்தான் பிடிக்க வேண்டும்.

அதனால் என் பரிந்துரை ‘பஸ்காலின் துணிபு’. துணிதல் என்றால் தீர்மானித்தல். துணிந்து இறங்குதலும் அதுவே. ‘எண்ணித் துணிக’ என்ற வள்ளுவர் வாக்கில் முதலில் கணக்கு, பிறகு இறக்கம் என்ற ஒழுங்கும் இருக்கிறது. நம் கணிதப் பிள்ளைகளுக்குத் ‘துணிகோவை’ (determinant) பழகிய சொல், ஆகவே அந்நியமாகவும் இராது. நம்பிக்கை வராதவர் என்ன செய்வது என்ற கேள்விக்கு, நம்புகிறவர் செய்வதைச் செய், தீர்த்தம் எடு, பூசைக்குப் போ என்றுதான் பஸ்கால் விடை சொன்னார். செயலில் இறங்கும் இந்தப் பொருள் ‘பந்தயம்’ என்பதில் இல்லை.

> துணிபு என்றால் ‘முடிந்த முடிபு’ என்று ஆகிவிடாதா?

தனியே நின்றால் ஆகலாம். பஸ்காலின் பெயரோடு சேர்த்தே எழுதுவோம். தேடுகிறவர்களுக்காக ‘பந்தயம்’ என்பதை அகரவரிசையில் வைத்து, ‘காண்க: பஸ்காலின் துணிபு’ என்று போட்டுவிடலாம்.

பதிவுக்கான வரைவிலக்கணம்: ‘கடவுள் உண்டா என்பது அறிய முடியாதபோதும், இழக்கக்கூடியது அளவுள்ளது, பெறக்கூடியது அளவற்றது என்பதால் நம்பி வாழத் துணிவதே தகும் என்னும் வாதம். பஸ்கால் (1623–1662) எழுதியது, 1670இல் வெளிவந்தது.’

பலனை அதன் நிகழ்தகவால் பெருக்கிப் பார்க்கும் expected value என்பதற்கு ‘எதிர்பார்த்த பெறுமானம்’, ‘எதிர்பார்ப்பு மதிப்பு’ இரண்டில் எதை எடுப்பது என்று இன்னும் தீர்க்கவில்லை. நான் முதலாவதின் பக்கம். மாங்குளத்து நண்பர் தன் மறுப்பை விரிவாக எழுதினால் நல்லது.