புதுப்பிப்பு: கிராஃபீனில் வந்த அந்த டி உச்சி

போன வாரம் புலம்பியிருந்தேன்: செலோடேப்பால் உரித்தெடுத்த கிராஃபீன் (ஓரணு தடிமனுள்ள கரிமத் தாள்) செதிலின் ராமன் நிறமாலையில் (லேசர் பட்டுச் சிதறும் ஒளியின் வரைபடம்) 1350 செ.மீ⁻¹ பக்கம் டி உச்சி, அதாவது அணு அடுக்கில் குறை இருந்தால் எழும் மேடு, தலைகாட்டுகிறது, செதில் சேதமாகிவிட்டதா என்று. கிராஃபீனில் எப்போதும் வரும் ஜி உச்சி வேறு, இருக்க வேண்டிய இடத்திலிருந்து கொஞ்சம் தள்ளி 1584இல் நின்றது.

சேதமில்லை, தப்பு என்னுடையது. "லேசர் புள்ளி விளிம்பில் விழுகிறதா பாருங்கள்" என்று ஒருவர் சொன்னது அப்படியே சரி. செதிலின் விளிம்பும் ஒரு குறைதான், அங்கே டி உச்சி எழும். 100 மடங்கு லென்ஸ் போட்டு, பச்சை லேசரை நடுவுக்கு நகர்த்தினேன். மேடையின் திருகைக் கால் சுற்று திருப்பியதும் திரையில் அந்த மேடு அமுங்கிக் காணாமல் போனது. திரும்ப விளிம்புக்குப் போனால் மறுபடி எழுந்தது. நாலைந்து தடவை விளையாட்டுப் பிள்ளை மாதிரி முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்தேன்!

1584 கதை இன்னும் கேவலம். அடியிலிருக்கும் சிலிக்கானின் உச்சி 520.5இல் இருக்க வேண்டும், என் கருவியில் 523. அதாவது கருவியே 2.5 கூடுதலாகக் காட்டியிருக்கிறது. அளவீட்டைச் சரிசெய்யாமலே டோப்பிங் (செதிலில் கூடுதல் மின்னூட்டம் ஏறுவது), இழுவிசை என்று இரண்டு நாள் யோசித்திருக்கிறேன்.

அப்புறம் எத்தனை அடுக்கு என்று காட்டும், 2700 பக்கத்து 2டி உச்சி: ஒரே லொரென்ட்ஸ் வளைவில் (ஒற்றை மேட்டு வடிவக் கணித வளைவு) அழகாகப் பொருந்துகிறது. ஈரடுக்கு என்றால் நான்கு வேண்டியிருக்கும். ஆக, ஓரடுக்குதான்.

பெங்களூரில் தினமும் சி.வி. ராமன் சாலை வழியாகப் போய்வந்துகொண்டே இந்தத் தப்பைச் செய்தேன் என்பதுதான் கூச்சம். லேசர் சூட்டில் செதில் கெட்டிருக்குமோ என்று கேட்டவர்களுக்காக: லேசர் திறனை ஒரு மில்லிவாட்டுக்குக் கீழே வைத்தே எடுத்தேன்.