சீட்டு போடும்போதே ஒரு சீட்டு திறந்துவிட்டால் ஆட்டத்தைக் கலைக்கணுமா?

கேள்வி:
டெக்சாஸ் ஹோல்டெம் போக்கர் (ஆளுக்கு இரண்டு கைச்சீட்டு, நடுவில் ஐந்து பொதுச் சீட்டு), ஒன்பது பேர். முதல் சுற்றில் ஐந்தாவது ஆளுக்குப் போன சீட்டு புரண்டுவிட்டது. இஸ்பேட் ராஜா என்று எல்லாரும் பார்த்தாச்சு. சிலர் "எல்லாத்தையும் கலைச்சுப் போடு" என்கிறார்கள், சிலர் "அடுத்த சீட்டை அவருக்கே கொடுத்துட்டுப் போ" என்கிறார்கள். எது சரி? பந்தயம் முடியும் முன்பே டர்ன் சீட்டை (நான்காவது பொதுச் சீட்டு) திறந்துவிட்டால் என்ன செய்யணும்?

பதில் 1:
இரண்டுமே தவறு. திறந்த சீட்டை அவர் முன்னாலேயே விட்டுவிட்டு, எதுவும் நடக்காத மாதிரி 18 சீட்டையும் போட்டு முடியுங்கள். பிறகு கட்டின் மேல்சீட்டை அவருக்குக் கொடுங்கள். ராஜாவை எடுத்து ஃபிளாப்புக்கு (முதல் மூன்று பொதுச் சீட்டு) முந்தைய பர்ன் சீட்டாக, அதாவது ஆட்டத்தில் சேராமல் ஒதுக்கும் சீட்டாக, வையுங்கள். நடுவிலேயே மாற்றிக் கொடுத்தால் அவருக்கு அடுத்தவரிலிருந்து எல்லாருடைய சீட்டும் ஒன்று தள்ளிப்போகும். சண்டையே அங்கேதான் ஆரம்பிக்கும். ராஜாவை வைத்துக்கொள்கிறேன் என்று அவர் கேட்டாலும் கொடுக்கக் கூடாது.

கலைத்துப் போட வேண்டியது எப்போது? கட்டிலிருந்து வந்த முதல் இரண்டு சீட்டில் ஒன்று திறந்தால், அல்லது அதற்குப் பிறகு போடுகிறவர் தவறால் இரண்டு சீட்டு திறந்தால். முதல் சீட்டே தப்பான ஆளுக்குப் போனாலும், ஒருவரை விட்டுவிட்டுப் போட்டாலும் அதே கதைதான். மறுபடி போடும்போது பட்டன் (சீட்டு போடும் இடத்தைக் காட்டும் வில்லை) நகராது, பிளைண்டும் (சீட்டு போடும் முன் கட்டாயமாக வைக்கும் பந்தயம்) மாறாது, புதிதாக யாரும் உட்காரக் கூடாது.

தனக்கு வந்த சீட்டை ஆட்டக்காரரே தவறவிட்டுக் காட்டிவிட்டால் மாற்றுச் சீட்டு கிடையாது. அதை வைத்தே ஆட வேண்டும்.

பதில் 2:
மேலே சொன்னதோடு கால எல்லையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தங்கள் முறை வந்து இரண்டு பேர் ஆடி, அதில் ஒருவராவது சிப்ஸ் (பந்தய வில்லை) போட்டிருந்தால் மிஸ்டீல் (கலைத்து மறுபடி போடுவது) கேட்கும் வாய்ப்பு போய்விட்டது. யாரும் சிப்ஸ் போடாவிட்டாலும் மூன்று பேர் ஆடிவிட்டால் (மூன்றுமே ஃபோல்ட், அதாவது சீட்டைப் போட்டு விலகுவது, ஆனாலும்) போய்விட்டது. பிளைண்ட் போட்டது இந்தக் கணக்கில் வராது. அதற்கப்புறம் ஒருவர் கையில் மூன்று சீட்டு இருப்பது தெரிந்தால் அவர் கை மட்டும் செத்தது (இனி செல்லாது), மற்றவர்கள் தொடரலாம். அதனால் சீட்டைத் தொட்டவுடன் இரண்டு இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

விதிவிலக்கு ஒன்று: கட்டில் ஒரே சீட்டு இரண்டு இருந்தால், பாட் (நடுவில் சேர்ந்த பந்தயத் தொகை) கைமாறும் முன் எப்போது தெரிந்தாலும் அந்த ஆட்டமே ரத்து. போட்ட சிப்ஸ் அவரவருக்குத் திரும்பும்.

பதில் 3:
டர்ன் கேள்விக்கு வருகிறேன். அதிகம் குழப்புவது இதுதான்.

முந்தித் திறந்த சீட்டை ஓரமாக எடுத்து வையுங்கள். ஃபிளாப் பந்தயம் முடியட்டும். ஒரு சீட்டு பர்ன் செய்து அடுத்ததைத் திறங்கள். ரிவராக (ஐந்தாவது, கடைசிப் பொதுச் சீட்டு) வந்திருக்க வேண்டிய அந்தச் சீட்டுதான் இப்போது டர்ன். டர்ன் பந்தயம் முடிந்ததும், எடுத்து வைத்த சீட்டை மீதிக் கட்டோடு சேர்த்துக் கலைத்து, வெட்டி, பர்ன் இல்லாமல் ரிவர் போடுங்கள். மூன்று பர்னும் ஏற்கெனவே முடிந்துவிட்டதால்தான் நான்காவது வேண்டாம். பர்ன் சீட்டுகளையும் ஃபோல்ட் ஆனவற்றையும் மறந்தும் சேர்த்துக் கலைத்துவிடாதீர்கள்.

ஃபிளாப்பே முந்தி வந்தால் மூன்றையும் கட்டில் சேர்த்துக் கலைத்து மறுபடி போடணும். பழைய பர்னே போதும். ரிவர் முந்தினால் அந்த ஒரு சீட்டைச் சேர்த்துக் கலைத்தால் போதும், அங்கேயும் புதுப் பர்ன் கிடையாது. ஃபிளாப்பில் நாலு சீட்டு விழுந்துவிட்டால் நாலையும் கவிழ்த்துக் கலக்கி, ஒன்றை எடுத்து அடுத்த பர்னாக வைத்துவிடுங்கள். மீதி மூன்றும் ஃபிளாப்.

சரியாகச் செய்தீர்களா என்று பார்க்க ஒரு கணக்கு. ஒன்பது பேர் ஆட்டத்தில் ரிவர் விழுந்தபின் கட்டில் 26 சீட்டு மிஞ்ச வேண்டும்: 52-இல் கைச்சீட்டு 18, பர்ன் 3, நடுவில் 5 போக. ஒருவர் கையில் மூன்று சீட்டு போனதைத் தவிர, மேலே சொன்ன எந்தத் தவறைத் திருத்தினாலும் இதே 26தான். 25 அல்லது 27 வந்தால் எங்கேயோ ஒரு பர்ன் கூடியிருக்கிறது, இல்லை விட்டுப்போயிருக்கிறது.

பதில் 4:
சீட்டு திறப்பதற்குப் பெரும்பாலும் காரணம் உயரம். கட்டை மேசையை ஒட்டிப் பிடித்து, சீட்டைத் தூக்கி எறியாமல் துணிமேல் சறுக்கி விடுங்கள். கட்டின் அடியில் ஒரு பிளாஸ்டிக் கட் கார்டு வைத்தால் அடிச்சீட்டும் யார் கண்ணிலும் படாது.