ஸ்பெயின்காரிக்கு ஆங்கில ஃப்ரேசல் வேர்ப் எப்படிச் சொல்லிக் கொடுப்பது?

உல்லைப் பொடியன் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். கிழக்கிலங்கை அறுகம்பேயில் ஒரு கெஸ்ட் ஹவுசில் ரிசெப்ஷனில் நிற்கிறேன், சீசன் இல்லாத மாதங்களில் பொத்துவிலில் சின்னப் பிள்ளைகளுக்கு ஆங்கில ரியூசனும் எடுப்பேன். இந்த முறை சேர்ஃப் (பலகையில் நின்று அலைச்சறுக்கு) பண்ண வந்த ஸ்பெயின் அக்கா ஒருவர் சீசன் முடியும்வரை எங்களிடம்தான் தங்குகிறார். பின்னேரத்தில் ஒரு மணித்தியாலம் ஆங்கிலம் கதைக்கப் பழக்கிவிடு என்று கேட்டார், நானும் ஓம் என்றுவிட்டேன்.

அவருக்கு ஆங்கிலம் தெரியாது என்றும் சொல்ல ஏலாது, அதுதான் என் சிக்கல். 'டொலரேட்', 'போஸ்ட்போன்', 'டிசென்ட்' என்று எங்கள் ஓ.எல் பரீட்சைப் பிள்ளைகள் அகராதி புரட்டுகிற சொல்லெல்லாம் அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு. ஆனால் அதே பொருளுக்கு ஃப்ரேசல் வேர்ப், அதாவது சின்ன வினையோடு 'அப்', 'ஓஃப்' மாதிரித் துண்டு சேர்ந்து வரும் 'புட் அப் வித்', 'புட் ஓஃப்', 'கெட் ஓஃப்' என்றால் முழிக்கிறார். பஸ்ஸால் இறங்கியதை 'ஐ டிசென்டட் ஃப்ரொம் த பஸ்' என்கிறார். ஏ.டி.எம் எங்கே என்று கேட்க வந்தவர் 'ஐ வோன்ட் டு ரிடையர் மணி' என்றார், இந்த வயதில் என்ன பென்சன் என்று நான் யோசித்துக்கொண்டு நின்றேன். நெட்டில் எடுத்த பட்டியல் ஒன்று வைத்திருக்கிறார், அதில் 'கெட்' என்ற ஒரு சொல்லுக்குக் கீழேயே முழுப் பக்கம், அதை எங்கேயிருந்து தொடங்குவது என்று அவருக்கும் தெரியவில்லை எனக்கும் தெரியவில்லை. ஸ்பானிஷ் தெரிந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? எனக்கு 'ஓலா', 'கிராசியாஸ்' தாண்டி ஒன்றும் வராது.

கல்லடிப் பாலம் எழுதியது:

தம்பி, ஒரு நாளைக்குப் பத்து என்று பாடமாக்கச் சொல்லுங்கள், சீசன் முடிய எல்லாம் வந்துவிடும். நாங்கள் அப்படித்தான் படித்தோம்.

அக்கரைப்பற்று ரீச்சர் எழுதியது:

மேலே சொன்னதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அகரவரிசையில் பத்துப் பத்தாகப் பாடமாக்கினால் 'புட் ஓஃப்', 'புட் ஒன்', 'புட் அவுட்', 'புட் அப்' எல்லாம் ஒரே நாளில் வந்து விழும், அடுத்த நாள் எது எதற்கு என்று குழம்பும். சோதனைக்குப் பாடமாக்குவது வேறு, வாயில் வருவது வேறு.

முதலில் உங்கள் ஆள் ஏன் அப்படிக் கதைக்கிறார் என்று பாருங்கள். ஸ்பானிஷ் லத்தீனிலிருந்து வந்த மொழி. ஆங்கிலத்தின் அடிப்படை வினைகள் ஜெர்மானியக் குடும்பத்துச் சொத்து. 1066இல் நோர்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு அரண்மனைக்கும் நீதிமன்றத்துக்கும் பிரெஞ்சு வந்தது, அதன் வழியாகவும் பின்னாளில் படித்தவர்களின் லத்தீன் வழியாகவும் ஏராளமான சொற்கள் நுழைந்தன. அதனால் ஒரே வேலைக்கு இரண்டு சொல். சட்டை கழற்றாத பெரிய மனிதர் மாதிரி 'டொலரேட்' ஒன்று, வீட்டுக்குள் புழங்க 'புட் அப் வித்' ஒன்று. உங்கள் அக்காவுக்கு அந்தப் பெரிய மனிதர்கள் எல்லாரும் சொந்தக்காரர்: தொலெரார், பொஸ்போனேர், கொன்தினுவார், எந்த்ரார். எங்கள் பிள்ளைகளுக்கு நேர் எதிர், 'கெட் அப்', 'சிட் டவுன்' நேர்சரியிலேயே வந்துவிடும், 'டொலரேட்' வர ஒன்பதாம் ஆண்டு ஆகும். ஆகவே நீங்கள் சொல்லிக் கொடுக்க வேண்டியது புதுக் கருத்து இல்லை. அவருக்குத் தெரிந்த ஒவ்வொரு பெரிய சொல்லுக்கும் பக்கத்தில் அதன் வீட்டுச் சொல்லை வைத்தால் போதும், அவர் 'போஸ்ட்போன்' என்று சொல்லும் அந்த நிமிடத்திலேயே 'புட் ஓஃப்' என்று எடுத்துக் கொடுங்கள்.

இன்னொன்று, எனக்கு மிகவும் பிடித்த விசயம். 'பொஸ்போனேர்' என்பதைப் பிரித்தால் 'பொஸ்' என்றால் பிறகு, 'போனேர்' என்றால் வை, போடு. லத்தீன் திசை காட்டும் துண்டை வினைக்கு முன்னால் ஒட்டிவிட்டது, ஆங்கிலம் பின்னால் தனியாக விட்டிருக்கிறது. தமிழில் நாம் 'தள்ளிப் போடு' என்கிறோமே, அங்கேயும் ஒரு போடு இருக்கிறது. இதைக் காட்டினால் பயம் பாதி போய்விடும்.

மறுகா, வினையை விட்டுவிட்டுப் பின்னால் வருகிற துண்டைப் பிடியுங்கள். 'அப்' பல இடத்தில் 'முழுக்க, மிச்சமில்லாமல்' என்ற பொருளைத் தரும்: ஈட் அப், யூஸ் அப், ஃபில் அப். தின்று தீர், நிரப்பிவிடு என்று நாம் துணைவினை போடுவது மாதிரி. 'ஓஃப்' பெரும்பாலும் விலகுவது, அறுபடுவது. எல்லாவற்றுக்கும் இது பொருந்தாது. 'கிவ் அப்', 'புட் அப் வித்' எல்லாம் அப்படியே விழுங்க வேண்டியவைதான்.

வாழைச்சேனை டு பார்சலோனா எழுதியது:

ரீச்சர் சொன்னது சரி, ஸ்பானிஷ் பக்கத்தை நான் சொல்கிறேன். இங்கே ஹோட்டல் கிச்சனில் வேலை, தினமும் இவர்களுடைய ஆங்கிலத்தைக் கேட்டுக்கொண்டு, என்னுடைய ஸ்பானிஷை அவர்கள் தலையில் கட்டிக்கொண்டு இருக்கிறேன்.

'ரிடையர் மணி' எங்கேயிருந்து வந்தது என்றால், ஸ்பானிஷில் 'ரெதிரார் தினேரோ' என்பதுதான் வங்கியில் காசு எடுப்பது. அதற்கு 'டேக் அவுட்' கொடுங்கள். இதே வகையில் இன்னும் வரும், காது கொடுத்துக் கேளுங்கள்: 'அசிஸ்தீர்' என்றால் வகுப்புக்குப் போவது, அதை 'அசிஸ்ட்' என்பார்கள். 'எங்கொந்த்ரார்' என்றால் கண்டுபிடிப்பது, தொலைந்த செருப்பு கிடைத்தால் 'ஐ என்கவுன்டர்ட் மை ஸ்லிப்பர்' என்பார்கள்.

அவருக்கு ஓட்டமும் வெளியேறுவதும் ஒரே வினையில் வராது. 'ஹி ரான் அவுட்' என்பதை ஸ்பானிஷில் 'சலியோ கொர்ரியெந்தோ' என்பார்கள், 'ஓடி வெளியேறினான்' என்று நாம் சொல்வதேதான், வெளியேறுவது முதன்மை வினை, ஓடுவது ஒட்டு. ஆங்கிலம் ஓடுவதை வினையாக்கி வெளியேறுவதை 'அவுட்' என்ற துண்டில் அடக்கிவிடும். லெனர்ட் டால்மி என்ற அமெரிக்க மொழியியலாளர் இதை வைத்தே மொழிகளை வகை பிரித்தார், ஸ்பானிஷ் ஒரு பக்கம் ஆங்கிலம் மறுபக்கம். இந்த விசயத்தில் நாங்கள் ஸ்பெயின்காரர் கட்சி. அதனால் தம்பி, அவர் எங்கே தடுக்குவார் என்று உங்களுக்கு உள்ளுக்குள்ளேயே தெரியும், இங்கிலாந்துக்காரரை விட உங்களுக்கு அது வசதி.

ஆனால் அவர்களிடம் 'செ' என்று ஒரு சின்ன ஒட்டு இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். 'கொமேர்' சாப்பிடுவது, 'கொமேர்செ' சாப்பிட்டு முடிப்பது, கிட்டத்தட்ட 'ஈட் அப்'. 'தொர்மீர்' தூங்குவது, 'தொர்மீர்செ' தூங்கிப்போவது. 'ஈர்' போவது, 'ஈர்செ' அந்த இடத்தை விட்டுப் போவது, அதாவது 'கோ அவே'. இந்த மூன்றையும் எழுதிக் காட்டுங்கள், அவரே மிச்சத்தைக் கண்டுபிடிப்பார்.

காலத்தையும் கவனியுங்கள். ஸ்பெயினில் இன்றைக்கு நடந்ததை 'ஹேவ்' போட்ட வடிவத்தில்தான் சொல்வார்கள், அதனால் இரவுச் சாப்பாட்டில் இருந்துகொண்டு 'திஸ் மோர்னிங் ஐ ஹேவ் சீன் அ டேர்ட்டில்' என்பார், காலை முடிந்துவிட்டதால் அங்கே 'ஹேவ் சீன்' இல்லாமல் 'சோ' (saw) வர வேண்டும். 'ஐ கோல் யூ டுமாரோ' என்பதும் வரும், நாளைக்கு எடுக்கிறேன் என்று நாமும் நிகழ்காலத்தில்தானே சொல்கிறோம், அதற்குச் சிரிக்காதீர்கள். 'ஸ்கூல்' என்பதை 'எஸ்கூல்' என்பார், நம் ஊர் 'இஸ்கூல்' ஞாபகம் வரும், அதற்கும்தான்.

வெள்ளாப்பில் கடல் எழுதியது:

எல்லாரும் பெரிய ஆராய்ச்சி செய்கிறீர்கள், ஆள் வந்திருப்பது சேர்ஃப் பண்ண! அந்த விளையாட்டின் பாதிச் சொல் ஃப்ரேசல் வேர்ப்தான். அலையைத் தாண்டி வெளியே துடுப்புப்போட்டுப் போவது 'பாடில் அவுட்', பலகையில் எழும்புவது 'பொப் அப்', அடிபட்டு விழுவது 'வைப் அவுட்', இன்னொருவர் பிடித்த அலைக்குள் குறுக்கே இறங்குவது 'ட்ரொப் இன்'. அறுகம்பே மெயின் பொயின்ட் அலையில் கூட்டமான நாளில் யாருக்காவது 'ட்ரொப் இன்' பண்ணினால் என்ன கேட்க வேண்டி வரும் என்று அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும். கரையில் அதே 'ட்ரொப் இன்' என்றால் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்கு வந்து எட்டிப் பார்ப்பது, அதையும் சொல்லுங்கள்.

பீநட் ஃபார்ம் சேர்ஃப் கடற்கரைக்கு ஓட்டோ பிடிக்கும்போது 'பிக் அப்', 'ட்ரொப் ஓஃப்' தானாக வரும். பட்டியலைக் கிழித்துப் போடுங்கள்.

உல்லைப் பொடியன் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. நேற்று வகுப்பைக் கடற்கரையிலேயே வைத்தேன். 'கொமேர்செ' எழுதிக் காட்டியதும் அவர் 'ஆஆ' என்று ஒரு சத்தம், பிறகு 'பெபேர்செ, ட்ரிங்க் அப்' என்று அவராகவே சொன்னார். பட்டியலைக் கிழிக்க மனம் வரவில்லை அண்ணா, அது அவருடைய காசு. ஒரு சந்தேகம்: ஓட்டோ அண்ணையிடம் பலகையைக் காட்டி 'பிக் அப் இட்' என்றார். பிழை என்று தெரிகிறது, ஆனால் 'பிக் அப் த போர்ட்' சரிதானே? ஏன் என்று கேட்டால் என்ன சொல்ல?

அக்கரைப்பற்று ரீச்சர் எழுதியது:

பெயர்ச்சொல் என்றால் இரண்டு இடத்திலும் வைக்கலாம்: 'பிக் அப் த போர்ட்', 'பிக் த போர்ட் அப்'. இட், தெம், ஹிம் மாதிரிச் சுட்டுப்பெயர் என்றால் நடுவில் மட்டும்: 'பிக் இட் அப்'. காரணம் கேட்டால் அழுத்தத்தைக் கேட்கச் சொல்லுங்கள். இந்த வகையில் குரல் ஏறுவது 'அப்' மேல், 'இட்' அழுத்தமில்லாத பழைய செய்தி, அதைக் கடைசியில் விட்டால் வசனம் தொங்கும்.

'லுக் ஆஃப்டர்', 'லுக் ஃபோர்' இந்த வகை இல்லை, அங்கே 'லுக் ஆஃப்டர் இட்' தான், நடுவில் எதையும் செருக முடியாது. இரண்டு வகையையும் ஒரே நாளில் கொடுக்க வேண்டாம். முதலில் பிரிக்கக்கூடியவை, அதுவும் உங்கள் ஹோட்டலில் கையால் தொட்டுச் செய்யக்கூடியவை: ஃபேனை 'டேர்ன் இட் ஓஃப்', ஃபோமை 'ஃபில் இட் இன்', துவாயை 'ஹேங் இட் அப்'. சாமானைக் கையில் கொடுத்துச் செய்யச் சொல்லிக்கொண்டே கதைக்க விடுங்கள்.

ரிசெப்ஷனில் நிற்பவர் என்பதால் இதையும் பாருங்கள்: வினையாக 'வி செக் அவுட் அட் டென்' என்றால் அழுத்தம் 'அவுட்' மேல், பெயராக 'செக்அவுட் டைம்' என்றால் அழுத்தம் 'செக்' மேல். உங்கள் பலகையில் எழுதியிருப்பது பெயர்தான், அதை வாசிக்கச் சொல்லிவிட்டு, நாளைக்கு எத்தனை மணிக்குப் போகிறீர்கள் என்று கேளுங்கள், வித்தியாசம் அவர் வாயிலேயே வரும்.