தனி ஆவர்த்தனத்தில் எழுந்து போக இருந்தவன் நான்

கச்சேரியில் எது நம்மைப் பிடித்து உட்கார வைக்கிறது என்ற பேச்சு வந்ததால் எனக்கு நடந்ததையும் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

எனக்குச் சங்கீதம் தெரியாது, வீட்டிலும் யாருக்கும் தெரியாது. வேலைக்காகச் சென்னைக்கு வந்த வருடம், மார்கழியில், ஆபீஸ் நண்பர் ஒருவர் தன்னால் போக முடியாத டிக்கெட்டை என்னிடம் கொடுத்தார். மயிலாப்பூரில் ஒரு சபா. பாடியவர் நல்ல பெயர் உள்ளவர், அரங்கம் நிறைந்திருந்தது. முதல் ஒரு மணி நேரம் எனக்கு ஒன்றுமே ஒட்டவில்லை. குரல் நன்றாக இருக்கிறது என்று தெரிகிறது, பக்கத்தில் எல்லோரும் தலையாட்டுகிறார்கள், நான் மட்டும் வெளியே நிற்கிற மாதிரி இருந்தது.

பக்கத்து இருக்கையில் எழுபது வயது இருக்கும் ஒரு அம்மா. வலது கை தொடையில் ஓடிக்கொண்டே இருந்தது. பார்த்துக்கொண்டே இருந்ததில் பிடிபட்டது: ஒரு தட்டு, அப்புறம் சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், திரும்ப ஒரு தட்டு, உள்ளங்கையைத் திருப்பி ஒரு வீச்சு, இன்னொரு தட்டு, இன்னொரு வீச்சு. மொத்தம் எட்டு. அதற்குப் பெயர் ஆதி தாளம் என்பதுகூட அப்போது தெரியாது. நானும் மெதுவாகப் போட ஆரம்பித்தேன். பெரிய உருப்படி, அதாவது கச்சேரியின் முக்கியப் பாட்டு, வந்ததும் அந்த அம்மா ஒவ்வொன்றையும் இரண்டிரண்டு தடவை போட்டார், நான் எங்கே இருக்கிறேன் என்று தெரியாமல் தொலைந்துபோனேன். அந்த அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை, ஆனால் கையைக் கொஞ்சம் உயர்த்தி, எனக்குத் தெரிகிற மாதிரி போட்டார்.

பிறகு தனி ஆவர்த்தனம், அதாவது பாட்டு நின்று தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கிற பகுதி. பாதி அரங்கம் எழுந்தது, கேன்டீனுக்கு. நானும் எழுந்தேன்.

"உட்காருப்பா. காப்பி எங்கயும் ஓடிப் போகாது. இனிமேதான் இருக்கு."

உட்கார்ந்தேன். முதலில் மிருதங்கம் தனியாக, பிறகு கையில் பிடித்து வாசிக்கிற சின்னத் தோல் வாத்தியமான கஞ்சிரா. கஞ்சிரா வாசித்தவர் பக்கத்தில் ஒரு சின்னக் கிண்ணத்தில் தண்ணீர் வைத்திருந்தார், நடுநடுவே விரலைத் தொட்டு உள்பக்கமாகத் தோலில் தடவுவார், உடனே அந்தச் சின்ன வாத்தியத்திலிருந்து அடிவயிற்றிலிருந்து வருகிற மாதிரி ஒரு சத்தம் வரும். இரண்டு பேரும் மாற்றி மாற்றி வாசித்தார்கள். முதலில் நீளமாக, அப்புறம் அதில் பாதி, அதிலும் பாதி, கடைசியில் ஒருவர் முடிக்கும் முன்பே மற்றவர் பிடித்துக்கொள்கிற அளவுக்கு. குறைப்பு என்று அதைச் சொல்வார்கள். பிறகு இரண்டு பேரும் சேர்ந்து மோரா என்கிற முத்தாய்ப்பு, அதன் பின் தனியை முடித்துவைக்கிற கோர்வை. "மூணு தடவை வரும், கையை விட்டுடாதே" என்றார் அந்த அம்மா. முதல் தடவை எனக்கு ஒன்றும் புரியவில்லை. இரண்டாவது தடவை அதற்கு ஒரு உருவம் இருப்பது தெரிந்தது. மூன்றாவது தடவை அவர்களின் கடைசி அடியும், என் கைத்தட்டும், பாடகர் பாட்டின் வரியை எடுத்ததும், மூன்றும் ஒரே நொடியில் வந்து விழுந்தன. அரங்கத்தில் மிச்சம் இருந்த அத்தனை பேரும் "ஆஹா" என்றார்கள். நானும் சத்தமாகச் சொல்லியிருந்தேன்.

அன்றிலிருந்து நான் நம்புவது இதுதான்: கேட்பவனுக்கும் ஒரு வேலை இருந்தால் அவன் கச்சேரிக்குள் இருப்பான். தாளத்தை எண்ணுவது ஒரு வேலை. எடுப்பு, அதாவது தாளத்தில் பாட்டு தொடங்குகிற இடம், எங்கே என்று பிடிப்பது இன்னொரு வேலை. பாட்டு தட்டிலேயே தொடங்காமல் அரை இடம் தள்ளித் தொடங்கினால் கோர்வையும் அந்தத் தள்ளிய இடத்தில்தான் வந்து இறங்க வேண்டும், இதைக் காத்துக்கொண்டு உட்கார்ந்தால் தூக்கம் எப்படி வரும்.

இரண்டாவது அனுபவம் ஒரு மதியக் கச்சேரி. மார்கழி சீசனில் மதிய வேளையில் இளம் கலைஞர்களுக்கு இடம் கொடுப்பார்கள், பெரும்பாலும் இலவசம். அன்று அரங்கத்தில் எண்ணினால் இருபது பேர், அதிலும் சிலர் பாடுகிறவரின் சொந்தக்காரர்கள். இருபது வயதை ஒட்டிய பெண். வந்து உட்கார்ந்ததும் மைக்கில், "பின்னால இருக்கறவங்க எல்லாரும் முன்னால வந்துடுங்களேன், எனக்குத் துணையா இருக்கும்" என்றார். எல்லோரும் எழுந்து முதல் மூன்று வரிசைக்குப் போனோம். அவ்வளவுதான், காலி அரங்கம் என்ற நினைப்பே போய்விட்டது.

ராகத்தின் பெயரைச் சொல்லாமல் ஆலாபனை எடுத்தார், பாட்டு வரி இல்லாமல் ராகத்தை மட்டும் விரித்துப் பாடுவது அது. எனக்கு முன் வரிசையில் இரண்டு பெரியவர்கள். ஒருவர் "காம்போதி" என்றார், மற்றவர் "ஹரிகாம்போதி மாதிரின்னா இருக்கு" என்றார். மூன்று வரிசைதானே, மேடைக்குக் கேட்டிருக்க வேண்டும். அந்தப் பெண் லேசாகச் சிரித்து, மேல் ஷட்ஜத்திலிருந்து "ச நி ப த ச" என்ற பிடியை, ராகத்தைக் காட்டிக்கொடுக்கிற சின்ன ஸ்வர வரிசையை, பாடிக் காட்டினார். இந்த இரண்டில் காம்போதியில் மட்டும் வருகிற பிடி அது, அதில் வருகிற வகை "நி" ஹரிகாம்போதியில் கிடையாது. இரண்டாவது பெரியவர் இரண்டு கையையும் தூக்கி "சரி சரி" என்றார். அதன் பிறகு அந்தப் பெண் பாடியதே வேறு மாதிரி ஆகிவிட்டது, ஒவ்வொரு பிடியையும் அவர்களுக்கு நேராகப் பாடினார், வயலின் வாசித்த பையனும் நிமிர்ந்து உட்கார்ந்தான். ஒரே வரியைத் திரும்பத் திரும்ப விதவிதமாகப் பாடுகிற நிரவலுக்கு முன்பு அந்தத் தெலுங்கு வரிக்கு என்ன பொருள் என்று தமிழில் ஒரே வாக்கியம் சொன்னார். தெலுங்கு தெரியாத எனக்கு அந்த ஒரு வாக்கியம்தான் அடுத்த இருபது நிமிடத்துக்குச் சோறு.

கெடுக்கிற விஷயங்களும் உண்டு. ஒரு பெரிய கச்சேரியில் தனி முடிந்து கூட்டம் சூடாக இருந்த நேரத்தில் நிறுத்தி, பொன்னாடை போர்த்தி, நாலு பேர் பேசினார்கள். அரை மணி நேரம் கழித்துத் திரும்பப் பாட ஆரம்பித்தபோது பாடகருக்கும் மனசு இல்லை, எங்களுக்கும் இல்லை. மைக் சத்தம் இன்னொன்று. மிருதங்கத்தின் இடது பக்கமான தொப்பியில் ரவையைப் பிசைந்து ஒட்டி, விளிம்பில் கல்லால் தட்டித் தட்டிச் சுருதி சேர்க்கிறார்கள், அந்த நாதத்தை ஸ்பீக்கரில் கொண்டுபோய் இடியாக்கினால் என்ன மிச்சம்? அப்புறம் கண்ணை ஐபேடிலிருந்து எடுக்காமல் பாடுவது. சாகித்யம் மறந்துவிடக் கூடாது என்பது புரிகிறது, ஆனால் எதிரில் இருக்கிறவர்களை ஒரு தடவையாவது பார்க்க வேண்டாமா.

கச்சேரியின் வரிசையும் கேட்பவரை மனதில் வைத்துத்தான் அமைந்திருக்கிறது. இப்போதுள்ள முறைக்கு வழி போட்டவர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் (1890-1967) என்பார்கள். முதலில் வர்ணம், பாடுகிறவருக்குக் குரல் சூடாகும், கேட்பவரும் வந்து அமர்ந்துவிடுவார். விறுவிறுப்பான சில கீர்த்தனைகள், பிறகு கனமான உருப்படி, தனி, கடைசியில் மனசை லேசாக்குகிற சின்னப் பாட்டுகளான துக்கடாக்கள். விருந்துச் சாப்பாடு பரிமாறுகிற மாதிரி.

இரண்டு வருடம் முன்பு திருவையாற்றில் தியாகராஜர் ஆராதனைக்குப் போயிருந்தேன். காவிரிக் கரையில் பந்தல், நூற்றுக்கணக்கானவர்கள் தரையில் உட்கார்ந்து நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்று அவருடைய பஞ்சரத்தினக் கீர்த்தனைகள் ஐந்தையும் சேர்ந்து பாடுகிறார்கள். பெரிய வித்வான்கள் முன்னால், பாட்டு கற்றுக்கொள்கிற பிள்ளைகள் புத்தகத்தைத் தொடையில் வைத்துக்கொண்டு பின்னால். எனக்கு வரிகள் தெரியாது, தாளம் மட்டும் போட்டேன். பக்கத்தில் இருந்த சின்னப் பெண் வரி வரும்போதெல்லாம் புத்தகத்தை என் பக்கம் தள்ளி விரலால் காட்டினாள். ஸ்ரீராகம் வந்தபோது நானும் பாடிக்கொண்டிருந்தேன், சரியோ தப்போ.

ஒரு சந்தேகம், கோயில் திருவிழாவில் நாகஸ்வரம், தவில் கேட்டு வளர்ந்தவர்கள் யாராவது சொல்லுங்கள். எங்கள் ஊரில் சாமி புறப்பாட்டுக்கு மல்லாரி வாசித்துக்கொண்டு போவார்கள், நடுத்தெருவில் நின்று இரண்டு தவிலும் மாறி மாறித் தனி வாசிக்கும்போது ஒருத்தர்கூட நகர்ந்து நான் பார்த்ததில்லை, டீக்கடைக்காரர் உட்பட. சபாவில் ஏன் அந்த நேரம் பார்த்து எழுந்து போகிறோம்?