குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சித்தப்பாவின் ஏச்சு

கேள்வி (சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா): தைப்பூசத்தன்று மகளுக்கு மருத்துவமனையில் இரவுப் பணி, காவடிக்கு வர முடியவில்லை. "தமிழும் தெரியாது, சாமியும் தெரியாது, நன்றாக வளர்த்திருக்கிறாய்" என்று சித்தப்பா நாற்பது பேர் முன்னால் குரல்பதிவு போட்டார். அவள் குழுவிலிருந்து விலகிவிட்டாள். அப்பா இறந்தபின் என்னைப் படிக்கவைத்தவர் அவர். எப்படி எதிர்த்துப் பேசுவது?

பதில் 1 (பீட்டர்மாரிட்ஸ்பர்க்): குழுவில் பதில் எழுதாதீர்கள், அக்கா. நாற்பது பேர் பார்க்கும்போது எந்தப் பெரியவரும் இறங்கிவர மாட்டார். நேரில் போங்கள். தமிழ் தெரியாது என்கிறாரே, அவர் பேரப்பிள்ளைகள் எந்த மொழியில் பேசுகிறார்களாம்?

பதில் 2: ஏச்சு தொடர்ந்தால் குரல்பதிவுகளை அழிக்காமல் வைத்திருங்கள். 1998ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் உறவினர்களையும் உட்படுத்துகிறது. மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் பாதுகாப்பு ஆணை கேட்கலாம். உறவல்லாதவர் இணையத்தில் துன்புறுத்தினால், 2013இல் நடைமுறைக்கு வந்த துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் உண்டு.

கேட்டவர்: நீதிமன்றமா! அவ்வளவு தூரம் வேண்டாம், தம்பி. ஞாயிறன்று போனேன். "என்னை ஏசுங்கள், அவளை ஏசாதீர்கள்" என்றேன். வெகுநேரம் அவர் பேசவே இல்லை. பிறகு அவளுடைய தொலைபேசி எண்ணைக் கேட்டார். அவளிடம் கேட்டுவிட்டுத் தருகிறேன் என்று வந்துவிட்டேன்.