ட்ரெல்லோ பலகையில் நடுப் பட்டியல் நிரம்பி வழிகிறது

கேள்வி: வீட்டிலேயே ப்ளவுஸ் தைக்கிறேன். வேலைகளை அட்டைகளாக எழுதி நகர்த்தும் ட்ரெல்லோ செயலியில் செய்ய வேண்டியது, செய்வது, முடிந்தது என மூன்று பட்டியல் வைத்தேன். நடுவில் இப்போது 14 அட்டைகள். வெட்டிப்போட்ட துணி, கொக்கி வைக்காதது, மகளின் பள்ளிக் கட்டணம் எல்லாம் கலந்து கிடக்கின்றன. பார்த்தாலே மலைப்பாக இருக்கிறது.

பதில்: அக்கா, நடுப் பட்டியலுக்கு 3 என்று வரம்பு வையுங்கள். ஒன்று வெளியே போனால்தான் அடுத்தது உள்ளே. டொயோட்டா கார் நிறுவனத்தில் பொறியாளர் டாய்ச்சி ஓனோ வளர்த்த கான்பான் முறையின் உயிரே இதுதான்: அடுத்த கட்டம் கேட்டால்தான் முந்தைய கட்டம் பொருள் அனுப்பும்.

பதில்: வீட்டு வேலைக்குத் தனிப் பலகை போடுங்கள். தையலுக்கு வெட்டு, தையல், கொக்கி எனப் பிரித்தால் எங்கே தேங்குகிறது என்று தெரியும்.

கேட்டவர்: பிரித்தேன். கொக்கியில் மட்டும் 9! இன்று இரவு பச்சைப் பட்டுக்குக் கொக்கி வைத்த பிறகுதான் அடுத்த துணியில் கத்தரி.