புக்கிட் ஜாலிலில் நீங்கள் நேரில் பார்த்தது என்ன?

கோலாலம்பூர் புக்கிட் ஜாலிலில் இருக்கும் மலேசிய தேசிய அரங்கத்தில் பார்த்ததை எழுதுங்கள், வென்றதோ தோற்றதோ. நானே ஆரம்பிக்கிறேன்.

2010 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. தென்கிழக்காசிய நாடுகளின் காற்பந்துப் போட்டியான சுசுகி கிண்ண இறுதியாட்டத்தின் முதல் ஆட்டம், எதிரே இந்தோனேசியா. மாலை நான்கு மணிக்கே மஸ்ஜிட் ஜாமெக் நிலையத்தில் எல்ஆர்டி ரயில் ஏற முடியவில்லை. இரண்டு ரயிலை விட்டுவிட்டு மூன்றாவதில் எப்படியோ நுழைந்தேன். புக்கிட் ஜாலிலில் இறங்கிய பிறகு நடக்கவே வேண்டியிருக்கவில்லை, கூட்டமே தள்ளிக்கொண்டு போய் வாசலில் விட்டது.

எனக்குப் பெரிய நம்பிக்கை ஒன்றும் இல்லை. 2007 ஆசியக் கிண்ணத்தில் இதே அரங்கத்தில் சீனாவிடம் 1-5, உஸ்பெகிஸ்தானிடம் 0-5 என்று வாங்கிக் கட்டிக்கொண்டதைப் பார்த்தவன். உஸ்பெகிஸ்தான் ஆட்டத்தின் இரண்டாம் பாதியில் பந்தைவிடக் காலி நாற்காலிகளைத்தான் அதிகம் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த இறுதியாட்டத்திலோ படிக்கட்டில்கூட ஆள்.

எனக்கு நாலு வரிசை கீழே ஒரு பையன் பேனா மாதிரி எதையோ வைத்து விளையாடிக்கொண்டிருந்தான். பச்சைப் புள்ளி ஒன்று திடலில் அலைந்தது. அது இந்தோனேசிய கோல் காவலரின் முகத்தில் போய் நிற்கிறது என்பது எனக்கு உறைக்கவே கொஞ்ச நேரம் ஆனது. இவன் ஒருவன் மட்டுமா, அரங்கம் முழுக்க அங்கங்கே பச்சை லேசர் கோடுகள். இரண்டாம் பாதியில் அவர்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டுத் திடலை விட்டே வெளியேறினார்கள். என் பக்கத்தில் இருந்த மலாய்க்காரப் பெரியவர் எழுந்து நின்று, "மாலுலா, டிக்!" என்றார். வெட்கமாக இல்லையா தம்பி என்று. சத்தம்கூடப் போடவில்லை. பையன் திரும்பிப் பார்க்காமலே அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

ஆட்டம் மறுபடி தொடங்கியதும் நடந்தது உங்களுக்கே தெரியும். 61-ஆவது நிமிடத்தில் சாஃபி சாலி, 68-இல் அஷாரி, 73-இல் திரும்பவும் சாஃபி. மூன்றாவது கோலுக்கு அந்தப் பெரியவர் என்னைக் கட்டிப்பிடித்ததில் என் கண்ணாடி எங்கேயோ போய் விழுந்தது. ஜகார்த்தாவில் 1-2 என்று தோற்றும் கிண்ணம் நம்மிடம் வந்தது, டிசம்பர் 31 பொது விடுமுறை. பயிற்றுநர் கே. ராஜகோபால் என்பதில் நம் வீடுகளில் தனிப் பெருமை வேறு. ஆனால் அந்த 3-0-ஐ யாராவது எடுத்தால் எனக்குப் பச்சைப் புள்ளிதான் முதலில் ஞாபகம் வருகிறது. அது இல்லாமலே ஜெயித்திருப்போம்.

* * *

தம்பி, நான் புக்கிட் ஜாலில் பக்கம் போனதே இல்லை. எனக்கு மெர்டேக்கா அரங்கம்தான். 1957-இல் துங்கு அப்துல் ரகுமான் "மெர்டேக்கா", அதாவது விடுதலை, என்று ஏழு முறை முழங்கிய இடம், 1975-இல் குத்துச்சண்டை வீரர் முகமது அலி வந்து ஜோ பக்னரோடு மோதிய இடம். இதெல்லாம் படித்துத் தெரிந்துகொண்டது. பார்த்தது 1980 ஏப்ரல், ஒலிம்பிக் காற்பந்துத் தகுதியாட்டம், எதிரே தென்கொரியா. எனக்கு 14 வயது. செந்தூலிலிருந்து அப்பாவோடு பஸ்ஸில் வந்து அந்த மேட்டில் ஏறினோம். நம் கோல் காவலர் ஆறுமுகம் நின்ற கோலுக்குப் பின்னால் இடம் கிடைத்தது. ஸ்பைடர்மேன் என்று சும்மா சொல்லவில்லை, அந்தக் கை அவ்வளவு நீளம். கடைசிக் கட்டத்தில் நம் ஜேம்ஸ் வோங் அடித்தார், 2-1. அப்பா தன் துண்டை மேலே வீசினார், அது திரும்பி வரவே இல்லை! வீட்டில் அம்மாவிடம் பஸ்ஸில் விட்டுவிட்டேன் என்றார்.

அப்புறம் அந்த ஒலிம்பிக்குக்கு மாஸ்கோவுக்கு நாம் போகவில்லை, புறக்கணிப்பு. அப்பாவுக்கு அந்தக் கோபம் கடைசிவரை ஆறவில்லை. இப்போது அந்தப் பக்கம் போனால் 118 மாடிக் கோபுரத்தின் காலடியில் அரங்கம் ஒரு தட்டு மாதிரி கிடக்கிறது. நல்லவேளை, இடிக்காமல் விட்டார்களே.

* * *

நான் காற்பந்து ஆள் இல்லை. 2023 ஜனவரியில் ஏ. ஆர். ரகுமான் கச்சேரிக்குத்தான் புக்கிட் ஜாலிலுக்கு முதல்முறை போனேன். புல்லின் மேல் தகடு விரித்து நாற்காலி போட்டிருந்தார்கள். கூட வந்த அண்ணன் பாட்டைக் கேட்காமல் காலால் தகட்டைத் தட்டித் தட்டி, "இதுக்குக் கீழே புல் செத்துக்கிட்டு இருக்கு" என்று புலம்பிக்கொண்டே இருந்தார். அப்போது எரிச்சலாக இருந்தது. அந்தத் திடல் மோசமாக இருக்கிறது என்று ஊரே பேசியது அப்புறம்தான் எனக்குப் புரிந்தது. பிறகு அங்கிருந்த மாட்டுப் புல் (cow grass) வகையை எடுத்துவிட்டு ஸியோன் ஸோய்சியா என்ற வேறு வகைப் புல் போட்டார்கள். இவ்வளவு பெரிய ஊரில் 80 ஆயிரம் பேரை உட்கார வைக்க வேறு இடம் இல்லாதபோது கச்சேரியை மட்டும் குறை சொல்லி என்ன பயன்?

* * *

முதலில் எழுதியவன்தான். அங்கிள், அடுத்த ஆட்டத்துக்கு என்னோடு வாருங்கள். எல்ஆர்டியில் உங்களுக்கு உட்கார இடம் பிடித்துத் தருவது என் பொறுப்பு. துண்டு மட்டும் எடுத்து வராதீர்கள்.